கழுத்தில் விழுந்த கை

ஆண் போலீஸ்காரர்கள் அடித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். பாதி அடி, பாதி வசவு. ஊருக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே அடிப்பார்கள். அகிலாண்டேஸ்வரி அடித்தால் சத்தமே வராது. பக்கத்து மேஜையில் உட்கார்ந்து நான் எழுதிக்கொண்டிருப்பேன். யாரோ மூச்சை உள்ளே இழுக்கிற மாதிரி ஒரு ஓசை கேட்கும், அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்தால் எதிரே நின்ற பெண் தரையில் கிடப்பாள்.

இருபத்தெட்டு வருஷம் காக்கிச் சட்டை போட்டவன் நான். அதில் பெரும்பகுதி ஸ்டேஷன் ரைட்டர். அடிக்கிறவர்கள் அடிப்பார்கள், அதை அடிக்காத மாதிரி எழுதுவது என் வேலை. 'மேற்படி நபர் தப்பி ஓட முயன்றபோது பாறையில் வழுக்கி விழுந்ததில் காயம்' என்ற ஒரு வரியை எழுதி எழுதியே என் கட்டைவிரல் காய்த்துப்போனது. குற்றாலத்துப் பாறைகளில் அவ்வளவு வழுக்கல் கிடையாது. எந்த ஸ்டேஷன், எந்த அதிகாரி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அகிலாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவள் விஷயத்தில் நான் செய்த ஒரு கேவலம் இத்தனை வருஷமாக என் நெஞ்சை விட்டு இறங்கவில்லை. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அவள் இலத்தூர்க்காரி. செங்கல் சூளையில் அப்பாவோடு கல் சுமந்த பெண். நல்ல உயரம். 1974இல் பெண் போலீஸுக்கு ஆள் எடுத்தபோது அளவு நாடாவைச் சுவரில் வைத்துப் பார்த்த அதிகாரி இரண்டாவது கேள்வி கேட்கவில்லையாம். பெண் போலீஸ் என்றால் கல்யாணச் சந்தையில் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத காலம் அது. தென்காசியில் நெசவாளர் சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்த பால்வண்ணநாதன் துணிந்து பெண் கேட்டுப் போனார். அரசாங்கச் சம்பளம் வீட்டுக்கு வரும், மண்ணெண்ணெய் வரிசையில் நிற்க வேண்டாம், வாடகைக்கு இருக்கிற வளவில், வரிசையாக இருந்த அத்தனை வீட்டிலும் நாலு பேர் மரியாதையாகப் பேசுவார்கள் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். போட்டதெல்லாம் சரியாகவே வந்தது. பொண்டாட்டி எந்நேரமும் வீட்டில் இருப்பாள் என்பதையும் சேர்த்துப் போட்டிருந்தார், அதுதான் இடித்தது.

அதே வளவில் முதல் வீடு என்னுடையது, மூன்றாவது அவர்களுடையது. அவர்கள் பெண் வேதா பிறந்தது முதல் எனக்குத் தெரியும். வளவின் பின்சுவரை ஒட்டி ஷரீபுன்னிசாவின் வீடு. புருஷன் துபாயில், இவள் தையல் மிஷினோடும் அகிலாவின் பிள்ளையோடும் காலம் தள்ளினாள். வேதாவுக்கு முதல் சோறு ஊட்டியதும் நடக்கப் பழக்கியதும் ஷரீபாதான். அகிலா டூட்டியில் இருந்தாள்.

ஒருநாள் குழம்பில் உப்பு ஏறிவிட்டது என்று பால்வண்ணநாதன் கையை ஓங்கியிருக்கிறார். உப்பு ஒரு சாக்குதான். மூன்று நாளாக அவள் பந்தோபஸ்துக்குப் போய் வீட்டுக்கே வராத கோபம். ஓங்கிய கை இறங்கவில்லை. அவள் அதைப் பிடித்து முறுக்கி அவருடைய முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், கன்னம் சுவரில் அழுந்த நிறுத்திவிட்டாள். பிறகுதான் தான் யாரைப் பிடித்திருக்கிறோம் என்று நினைவு வந்து கையை விட்டாளாம். அவருக்கு இரண்டு வாரம் மணிக்கட்டில் துணிக்கட்டு. சங்கத்தில் கேட்டவர்களிடம் சைக்கிளிலிருந்து விழுந்ததாகச் சொன்னார். அதற்கப்புறம் அவர் கை ஓங்கியதில்லை. நாக்குத்தான் நீண்டது.

"வீட்டுக்கு வரும்போது செருப்ப வாசல்ல கழத்துதல்லா, அது கூட ஸ்டேஷனையும் கழத்திப் போட்டுட்டு வாட்டி" என்று ஒருநாள் வளவே கேட்கச் சொன்னார். எனக்கும் சேர்த்துத்தான் சொன்ன மாதிரி இருந்தது.

சீசன் என்றால் ஊருக்குச் சாரல், குளியல், மங்குஸ்தான் பழம். எங்களுக்கு ஆனி, ஆடி முழுவதும் லீவு கிடையாது. அருவிக்கு அருகே ஒரு தகரக் கொட்டகை போட்டு அதில் என்னை ஒரு மேஜையோடு உட்கார வைத்துவிடுவார்கள். பெண்கள் குளிக்கிற பக்கத்தில் நகை திருடும் கூட்டம் ஒன்று எங்கிருந்தோ வந்து இறங்கும். அருவி தலையில் விழும்போது எவளுக்கும் கண் தெரியாது, காது கேட்காது, தோளில் யார் இடிக்கிறார்கள் என்றும் தெரியாது. கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் ஒட்டி நின்று பிளேடால் ஒரு இழுப்பு இழுத்தால் சங்கிலி போய்விடும். வெளியே வந்து கழுத்தைத் தடவிப் பார்க்கிறபோதுதான் ரத்தம் தெரியும்.

அதற்கு எங்கள் எஸ்.ஐ. கண்டுபிடித்த மருந்து அகிலா. சாதாரணச் சேலையில், கழுத்தில் தடித்த கவரிங் சங்கிலி போட்டுக்கொண்டு, காலை ஆறிலிருந்து பிற்பகல் இரண்டு வரை அவள் ஐந்தருவித் தண்ணீருக்குள் நிற்கவேண்டும். பின்கழுத்தில் கை விழுகிற வரைக்கும் குளிக்கவேண்டும். மாவட்டம் முழுக்கத் தேடினாலும் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் பெண் போலீஸ், அதனால் மாற்றி நிறுத்த ஆள் கிடையாது. அவளை அங்கே யாருக்கும் தெரியக்கூடாது என்பதால் வீட்டு ஆட்கள் அருவிப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று உத்தரவு.

1979 சீசனில் முதல் வாரமே சங்கிலியைப் பறிகொடுத்தாள். பிளேடு கழுத்தில் ஒரு விரல் நீளத்துக்கு இறங்கியிருந்தது. எஸ்.ஐ. அந்தக் காயத்தைப் பார்க்காமல், "குளிக்கதுக்கா சம்பளம் வாங்குதே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அவள் மறுநாளிலிருந்து வேறு ஆளாகிவிட்டாள். பின்னால் ஒரு கை பட்ட கணமே இடது கை போய் அந்த மணிக்கட்டைப் பிடிக்கும், கீழ் நோக்கி மடக்கும், உடம்பு திரும்பும், வலது முழங்கை எதிராளியின் விலாவில் இறங்கும். அதற்கப்புறம்தான் முகத்தைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு அடித்தால் ஆள் நழுவிவிடும் என்பது அவள் படித்த பாடம். அந்தச் சீசனில் பதினோரு பேர். நாலு பேருக்கு விரல் ஒடிந்திருந்தது. நாலு பேரும் பாறையில் வழுக்கி விழுந்ததாக நான் எழுதினேன்.

82ஆம் வருஷச் சீசன் தொடக்கத்தில் ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். ஐந்து வயதிருக்கும் அந்தப் பிள்ளைக்கு. அகிலாவின் சங்கிலிக் கொக்கியைக் கழற்றியது அதன் கைதான். அகிலா சின்னக் கை என்பதை உணர்ந்து ஒரு நொடி தயங்கினாள். அதற்குள் சங்கிலி கை மாறி, தாய் கூட்டத்துக்குள் புகுந்துவிட்டாள். குளிக்க வந்த பெண்களே அவளை மடக்கிவிட்டார்கள். பித்தளைச் செம்பால் அடித்தார்கள். அவளைப் பிடுங்கி எடுத்துக் கொட்டகைக்குக் கொண்டுவருவதற்குள் அகிலாவுக்கே நாலு அடி. பிறகு கொட்டகையில் அடிப்பது அகிலாவின் முறை. பிள்ளை மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

எஸ்.ஐ. போகும்போது, "இனிமே சின்னக் கை, பெரிய கைன்னு பாக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது அகிலா என் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். எட்டு மணி நேரம் தண்ணீரில் ஊறிய கை, வெந்த கிழங்கின் தோல் மாதிரி சுருங்கியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். "அந்தப் புள்ள கை மெத்துனு இருந்துச்சு அண்ணாச்சி" என்றாள்.

வேதாவுக்கு அப்போது ஆறு வயது முடிந்திருந்தது. அம்மாவின் முதுகுதான் அவளுக்கு விளையாட்டு மைதானம். அகிலா அடுப்பு ஊதும்போதோ அம்மி அரைக்கும்போதோ பின்னாலிருந்து ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குவாள். அந்தச் சீசனில் ஒருநாள் அப்படித் தொங்கியபோது அகிலாவின் இடது கை போய்விட்டது. சட்டென்று உணர்ந்து விட்டுவிட்டாள், ஆனாலும் பிள்ளையின் மணிக்கட்டில் நாலு விரல் சிவப்பாகப் பதிந்தது. அன்றே ஒரு சட்டம் போட்டாள். பின்னால் வருவதானால் முதலில் 'அம்மா' என்று கூப்பிட வேண்டும், அம்மா 'ம்' என்று சொன்ன பிறகுதான் தொடவேண்டும். வேதாவுக்கு அது இன்னொரு விளையாட்டு. வளவெல்லாம் கேட்கிற மாதிரி கூப்பிட்டுவிட்டுத் தாவுவாள்.

ஆடி பிறந்து ஒரு வாரம் ஆனபின் அந்த விளையாட்டுக்கும் நேரமில்லை. விடியுமுன் எழுந்து சோறு பொங்கி, தூங்குகிற பிள்ளைக்குத் தூக்கத்திலேயே தலை பின்னிவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடிப்பாள். இரண்டு மணிக்கு அருவியிலிருந்து ஏறினால் பிடிபட்டவர்களோடு கோர்ட்டுக்கும் சப் ஜெயிலுக்கும் அலைச்சல். வீடு திரும்பும்போது பிள்ளை ஷரீபா மடியில் தூங்கியிருக்கும். இப்படிப் பதினோரு நாள். பால்வண்ணநாதன் பாத்திரங்களை வைக்கிற சத்தத்திலிருந்தே அவர் மனநிலை தெரியும். சோறு அவரும் வடிப்பார். ஆனால் வடித்தது நாலு வீட்டுக்குக் கேட்கும்படி வடிப்பார்.

பத்தாம் நாள் வேதாவுக்கு முதல் பல் விழுந்தது. அதைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் போடவேண்டும் அல்லவா, அதை அம்மாவோடுதான் போடுவேன் என்று பிள்ளை பிடிவாதம். காகிதத்தில் பல்லை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடவும் மாட்டேன் என்றாள். மறுநாள் சனிக்கிழமை. பால்வண்ணநாதனே ஷரீபாவைக் கூப்பிட்டு, பிள்ளையை அருவிக்குக் கூட்டிப்போய் அம்மாவிடம் காட்டிவிட்டு வரச் சொன்னார். உத்தரவு அவருக்கு நன்றாகத் தெரியும். "ஐந்தருவி என்ன கவர்மெண்டு அவளுக்கு எழுதிக் குடுத்த சொத்தா? எம்புள்ள குளிக்கக் கூடாதோ?" என்று அவர் சொன்னதை என் மனைவி கேட்டாள். ஷரீபாவுக்கு உத்தரவு தெரியாது. அவர் சொல்லவில்லை.

அன்றைக்கு ஐந்தருவியில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். பகல் பதினொரு மணி இருக்கும். பெண்கள் பக்கத்திலிருந்து அகிலாவின் குரல் கேட்டது. "பிடிங்க, கள்ளி, பிடிங்க!" அது வழக்கமான குரல்தான். நான் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சாவகாசமாக எழுந்தேன். பிறகு இன்னொரு சத்தம் கேட்டது. அது அகிலாவின் தொண்டையிலிருந்து வந்தது என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. ஆண்கள் போகக்கூடாத பக்கம் என்பதையும் மறந்து படியேறி ஓடினேன்.

நடந்தது இதுதான். ஷரீபா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு பிள்ளையை இடுப்பில் வைத்துத் தண்ணீருக்குள் புகுந்திருக்கிறாள். அம்மாவின் முதுகைக் கண்டதும் பிள்ளை தாவியிருக்கிறது. சட்டத்தை மறக்கவில்லை. 'அம்மா, அம்மா' என்று இரண்டு தரம் கூப்பிட்டதை ஷரீபா கேட்டிருக்கிறாள், தன் காதோடு ஒட்டிக் கத்தியதால். அருவி இரைச்சலில் அகிலாவுக்கு எப்படிக் கேட்கும்? சின்னக் கை பின்கழுத்தில் விழுந்தது. அவள் பிடித்தாள், மடக்கினாள், திரும்பினாள். முழங்கை ஷரீபாவின் விலாவில் இறங்கியது. 'கள்ளி' என்று கத்தினாள். அதற்கப்புறம்தான் பார்த்தாள்.

நான் போனபோது இருபது முப்பது பெண்கள் ஷரீபாவைப் பாறையில் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் பிள்ளையோடு வந்த திருடியைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு இருந்தது. இவளும் பிள்ளையோடு வந்தவள், அது போதுமாக இருந்தது. செம்பு, சோப்புப் பெட்டி, வெறும் கை. ஒருத்தி அவள் தலைமுடியைக் கையில் சுற்றிக்கொண்டு நெற்றியைப் பாறையில் மோதினாள். மோதியவளைப் பார்த்தால் பூஜை அறையைவிட்டு வெளியே வராத அம்மாள் மாதிரி இருந்தாள். தண்ணீர் சிவப்பாக ஓடிப் படியிறங்கியது. இந்தப் பக்கம் அகிலா முழங்காலிட்டிருந்தாள். வேதாவின் வலது கை, முழங்கைக்குக் கீழே, மூட்டே இல்லாத இடத்தில் மடங்கித் தொங்கியது. பிள்ளை அழவில்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்தது. பல் விழுந்த இடம் தெரிந்தது.

அகிலா பிள்ளையை என் கையில் போட்டாள். போட்டுவிட்டு அந்தக் கூட்டத்துக்குள் பாய்ந்தாள். ஒரே ஒரு நாள் அவள் சத்தம் போட்டு அடித்தாள் என்றால் அது அன்றைக்குத்தான். முழங்கையால், முட்டியால், தலையால். ஒருத்திக்கு மூக்கு உடைந்தது, ஒருத்தி படியில் உருண்டாள். நிமிஷத்துக்குள் பாறை காலியாகிவிட்டது. ஷரீபாவின் புருவம் பிளந்து ஒரு கண் மூடியிருந்தது. அகிலா அவளைத் தூக்கப் போனபோது அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டுத் தானே பாறையைப் பிடித்து எழுந்தாள்.

"அடிச்சவள்களுக்கு என்னயத் தெரியாது. ஒனக்குமா அக்கா என் மூஞ்சி தெரியல?" என்று கேட்டாள்.

எஸ்.ஐ. நிலைமையை ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். டூட்டியில் இருந்த போலீஸ்காரி ஆறு வயதுப் பிள்ளையின் கையை ஒடித்தாள் என்றால் அவள் வேலை போகும், சாதாரண உடையில் நிறுத்திய அவர் தலையும் உருளும். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வழக்கமா எழுததையே எழுதும்" என்றார்.

இனிதான் என் கேவலம். ஜீப்பில் பின்பக்கம் அகிலா, அவள் மடியில் பிள்ளை, எதிரே நான். ஷரீபா முன்னால். அகிலா தன் முந்தானையால் பிள்ளையின் கையைச் சுற்றிப் பிடித்தபடி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து பிள்ளையிடம், டாக்டர் கேட்டால் பாறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றேன். சொல்லிப் பார்க்கவும் சொன்னேன். வலியில் உதடு நடுங்க அது சொல்லிக் காட்டியது. சரியாக வரும்வரை இரண்டு தரம் சொல்ல வைத்தேன். அகிலாவின் வேலையைக் காப்பாற்றுவதாக அப்போது நினைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் காறித் துப்பத் தோன்றுகிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைத் தொட்டதும் பிள்ளை வீறிட்டது. எப்படி ஆச்சு என்று அவர் கேட்டார். அத்தனை வலியிலும் அது நான் சொல்லிக் கொடுத்தபடி சொன்னது.

"பாறையில வழுக்கி விழுந்துட்டேன்."

சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தது, சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற மாதிரி. எத்தனையோ கள்வர்களைப் பேச வைத்தவள் அகிலா. தன் பிள்ளை அந்த வரியைச் சொல்லக் கேட்டதும் ஒரு அடி பின்வாங்கிச் சுவரில் சாய்ந்தாள்.

"இல்ல டாக்டர். நாந்தான் ஒடிச்சேன். அப்படியே எழுதுங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களும் எழுதுங்க அண்ணாச்சி" என்றாள். நான் எழுதினேன். என் சர்வீஸில் நடந்ததை நடந்தபடி எழுதிய காகிதங்களை வைத்தால் ஒரு சின்னக் கவர் நிறையாது; அதில் அது ஒன்று.

பால்வண்ணநாதன் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது மாவுக்கட்டு போட்டு முடிந்திருந்தது. அவர் கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். கத்தவில்லை. அனுப்பியது தான்தான் என்பது அவருக்கும் தெரியும். பிள்ளையை நல்ல கைப்பக்கமாகத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். வீரகேரளம்புதூரில் இருக்கும் தங்கை வாலாம்பாள் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன், நானும் அங்கேயேதான் இருப்பேன் என்றார். "இந்த வேலைய விட்டுட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு வா, புள்ளய வாங்கிக்கோ. அதுவரைக்கும் எம்புள்ள ஒன் கைக்கெட்டுற தூரத்துல இருக்கக் கூடாது" என்று மெதுவாகத்தான் சொன்னார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

அடுத்த நாளே அவளைத் திரும்ப அருவியில் நிறுத்தினார்கள். ஆடி முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது, வேறு பெண் போலீஸ் இல்லை, லீவு கிடையாது. மூக்கு உடைந்த அம்மாள் கொடுத்த புகார் ஒரு பக்கம், இலாகா விசாரணை ஒரு பக்கம். இதெல்லாம் நடக்க, அவள் அதே தண்ணீரில் அதே கவரிங் சங்கிலியோடு நின்றாள். அந்தப் பன்னிரண்டு நாளில் யாரும் பிடிபடவில்லை. கை விழுந்ததா, விழுந்தும் விட்டுவிட்டாளா என்று நான் கேட்கவில்லை.

ஆடி கழிந்த முதல் ஞாயிறு வீரகேரளம்புதூர் போனாள். வாலாம்பாள் உள்ளே விட்டாள், காப்பியும் கொடுத்தாள். வேதா அத்தையின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு வெளியே வரவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, வாங்கிப்போன பன்னை வைத்துவிட்டுத் திரும்பினாள். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். மூன்றாவது ஞாயிறு அத்தை பிள்ளையைப் பிடித்து முன்னால் தள்ளியபோது அது கட்டுப் போட்ட கையை நல்ல கையால் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டதாம். "என்கிட்டருந்து மறைக்கா அண்ணாச்சி" என்று வந்து சொன்னாள். அகிலா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்கும் தாளவில்லை. உள்ளே போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தேன்.

ராஜினாமாக் கடிதத்தை நல்ல இங்கிலீஷில் நானே எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி. நாலு நாள் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்துவிட்டு என் மேஜையில் திரும்பக் கொண்டுவந்து வைத்தாள்.

"எனக்கு இந்த வேல பிடிச்சிருக்கு. வேற யாருகிட்டயும் சொன்னா அடிக்க வருவாவ, உங்ககிட்ட சொல்லுதேன்" என்றாள். கடிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "வேலய விட்டுட்டு வீட்ல உக்காந்தா, கை மட்டும் மாறிருமா? அது எங்கூடத்தான இருக்கும்" என்றாள்.

அருவிப் பக்கம் இனி நிற்கமாட்டேன், யார்மேலும் கை வைக்கிற வேலை வேண்டாம், ஸ்டேஷன் வாசலில் பாராவோ டெலிபோனோ எதுவானாலும் சரி என்று மனுக் கொடுத்தாள். எஸ்.ஐ. சிரித்தார். ஆனால் விசாரணை முடிந்து தண்டனையாக அவளை டெலிபோனில்தான் உட்கார வைத்தார்கள். கேட்டதே கிடைத்ததில் அவளுக்கு ஒரு சின்ன நிம்மதி. காலையில் போனால் மாலை நாலரைக்கு வீடு. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக வெயில் இருக்கும்போதே வளவுக்குள் வந்தாள். வந்து பார்க்கப் பிள்ளை இல்லை. பின்சுவர்ப் பக்கம் ஷரீபாவின் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். இவள் போய் அந்த வாசலில் நிற்பாள். இரண்டு மாதம் மிஷின் நிற்கவில்லை. அப்புறம் ஒருநாள் நின்றது. ஷரீபா, புருவத்தில் தழும்போடு, உள்ளே வந்து உட்காரச் சொன்னாளாம். மற்றபடி என்ன பேசினார்கள் என்று இருவருமே சொன்னதில்லை.

பால்வண்ணநாதனைக் குறை சொல்லிக்கொண்டே வந்துவிட்டேன். ஒன்று சொல்லவேண்டும். அகிலா ராஜினாமா எழுதித் தராதபோதும் அவர் பிள்ளையைக் கூட்டிவந்தார். கட்டுப் பிரித்த பின்னால் அது தினமும் தென்காசி பஸ் எப்போது என்று கேட்டதாம். அவரால் எத்தனை நாளைக்கு அதற்குப் பதில் சொல்ல முடியும்? ஐப்பசி மாதம், ஒரு சாயங்காலம், பெட்டி ஒரு கையில், பிள்ளை ஒரு கையில் வளவுக்குள் நுழைந்தார். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அகிலா துவைகல்லில் உட்கார்ந்து காக்கிச் சட்டைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வேதா அப்பாவின் கையை விட்டுவிட்டு வந்து, நாலு முழம் தள்ளி நின்றாள். கட்டுப் பிரித்த கை மற்றதைவிட மெலிந்து வெளுத்திருந்தது.

"அம்மா, நான் வேதா வந்திருக்கேன்" என்றாள். தொடலாமா என்று அனுமதி கேட்கிற தொனி. அப்படிச் சொல்லும்படி யாரும் சொல்லித் தரவில்லை என்று பால்வண்ணநாதன் பின்னால் சத்தியம் செய்தார்.

அகிலா நுரைக் கையைச் சேலையில் துடைத்தாள். துவைகல்லிலேயே மறுபக்கம் திரும்பி, பிள்ளைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் திணித்து அவற்றின்மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டாள். "வாட்டி. எப்பவும் வருவல்லா, அப்படி வா" என்றாள்.

பிள்ளை அப்பாவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. பிறகு மெதுவாக நடந்துபோய் மெலிந்த கையை நீட்டி அம்மாவின் பின்கழுத்தில் வைத்தது. அகிலாவின் கைகள் தொடைக்கடியிலேயே இருந்தன. அசையவில்லை. ஆனால் தோள் இரண்டும் காது வரைக்கும் தூக்கிப் போட்டன, உடம்பு முழுக்க ஒரு வெட்டு வெட்டியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள், உடம்பு கேட்கவில்லை.

வேதா கையை எடுத்துவிட்டாள். பயந்த மாதிரித் தெரியவில்லை. துவைகல்லைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, தன் கவுனின் விளிம்பால் அம்மாவின் முகத்தில் தெறித்திருந்த நுரையைத் துடைத்தாள்.

"பரவால்லம்மா" என்றாள். "இனிமே நான் முன்னால வாரேன்."

இதை எழுதுகிற இந்த 89ஆம் வருஷத்தில் அவள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். அகிலா இன்னும் டெலிபோனில்தான் இருக்கிறாள். அவர்கள் வீட்டு அடுக்களை இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத இடம். அம்மா முதுகு காட்டி அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தால் வேதா சுவரோடு ஒட்டிக்கொண்டு, பானையைத் தாண்டி, சுற்றி முன்னால் போய் நின்ற பிறகுதான் அவளைத் தொடுகிறாள்.